குளிர்கால மலைப்பாதையில் நாள்தோறும் நெடுந்தூர ஓட்டம்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்குவது

கொழும்பில் ஓடிப் பழகியவர்கள் ஜனவரியில் இங்கிலாந்தின் வடக்கே போய், நாளுக்கு 35, 40 கிலோமீற்றர் என்று நாலைந்து நாள் விடாமல் ஓடும்போது என்னென்ன பிழைக்கும், பிழைத்தால் என்ன செய்வது என்பதற்கான குறிப்பு இது. உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது பென்னைன் வே பாதை. ஈடேலில் தொடங்கி ஸ்கொட்லாந்து எல்லை தாண்டி கேர்க் யெத்தமில் முடியும் இந்தப் பாதை ஏறக்குறைய 431 கிலோமீற்றர். இதை முழுக்க 168 மணித்தியாலத்துக்குள் முடிக்கச் சொல்லும் ஸ்பைன் ரேஸ் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. 2019இல் பிரித்தானிய ஓட்டக்காரி ஜாஸ்மின் பாரிஸ் ஆண், பெண் எல்லாரையும் முந்தி 83 மணி 12 நிமிடத்தில் முடித்தார். நீங்கள் அதில் கால்வாசி ஓடினாலும் சிக்கல்கள் இவையேதான்.

அங்கே பயப்பட வேண்டியது வெண்பனிக்கு அல்ல, 0 முதல் 5 பாகை வரையான மழைக்குத்தான். உலர்ந்த குளிர் -10இல் இருந்தாலும் உடை உடையாகவே இருக்கும். 2 பாகையில் மழையும் மணிக்கு 40 கிலோமீற்றர் காற்றும் சேர்ந்தால் முகத்துக்கு அது -5 மாதிரி இருக்கும், உடையும் நனைந்திருக்கும். காற்றைவிட நீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். அதோடு பகல் வெளிச்சம் 8 மணித்தியாலம்தான்.

எந்த அறிகுறி வந்தாலும் முதலில் கையைப் பாருங்கள். உடை மாற்றுவது, உணவுப் பொதி பிரிப்பது, டோர்ச் பற்றரி மாற்றுவது, உதவிக்கு அழைப்பது எல்லாம் விரலால் செய்யும் வேலை. விரல் போனால் பையில் இருக்கிற அத்தனை பொருளும் வெறும் பாரம்.

“ஜிப்பைப் பிடிக்க முடியேல்லை”

பெருவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியாவிட்டால் அந்தக் கை வேலைக்கு உதவாத நிலைக்கு வந்துவிட்டது. இந்தச் சோதனையை அரை மணிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டே செய்யலாம். கொஞ்சம் சிரமமாக இருக்கும்போதே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும்.

தடித்த கையுறை போட்டால் சரியாகிவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் ஆகாது. நடு உடம்பு குளிர ஆரம்பித்ததும் உடம்பு விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. ஆகவே கையின் பிழையை நெஞ்சில் திருத்த வேண்டும்:

1. காற்றுக்கு மறைவாகப் போங்கள். அந்தப் பக்கத்து வயல்களுக்கு நடுவே சாந்து பூசாத கல்மதில்கள் நீளமாக ஓடும். அதன் மறுபக்கம் குந்தினாலே போதும்.
2. மழை ஜக்கெட்டுக்கு மேலேயே தடித்த செயற்கைப் பஞ்சு ஜக்கெட்டைப் போடுங்கள். மழை ஜக்கெட்டைக் கழற்றி உள்ளே போட முயன்றால் இருக்கிற சூடும் போய்விடும். இதற்காகவே அந்த ஜக்கெட்டை ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும்.
3. இனிப்பாக ஏதாவது வாயில் போடுங்கள். எரிக்க ஒன்றும் இல்லாவிட்டால் சூடும் பிறக்காது.
4. நனைந்த கையுறையைக் கழற்றிப் பிழியுங்கள். உலர்ந்த மெல்லியது உள்ளே, விரல் பிரியாத நீர்ப்புகா உறை வெளியே. விரல்கள் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும்.
5. இன்னும் விறைப்பாக இருந்தால் கையை நேராக நீட்டித் தோளிலிருந்து முழு வட்டமாக 30 தரம் சுழற்றுங்கள். இரத்தம் விரல் நுனிக்கு ஓடும். அதுவும் பலிக்கவில்லை என்றால் அக்குளுக்குள் வையுங்கள்.

சூடு திரும்பும்போது கண்ணீர் வரும் அளவுக்கு வலிக்கும். அது நல்ல அறிகுறி. விரல் நுனி மெழுகு போல வெளுத்து, உணர்வில்லாமல், அக்குளில் அரை மணி வைத்தும் நிறம் திரும்பாவிட்டால் உறைகடி என்று எடுத்துக்கொண்டு ஓட்டத்தை நிறுத்துங்கள். தேய்க்கக் கூடாது; உறைந்த தசை கண்ணாடித் தூளைத் தேய்த்த மாதிரி கிழியும். திரும்ப உறைய வாய்ப்பிருக்கிற இடத்தில் இளக்கவும் கூடாது. உறைந்து இளகி மறுபடி உறைந்தால் சேதம் பன்மடங்கு. கட்டிடத்துக்குள் போன பிறகு 37 முதல் 39 பாகை நீரில் வைத்து, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இரசாயனச் சூட்டுப்பொதி கொண்டுபோனால் அதைக் கை விறைப்பதற்கு முன்பே உடைக்கவும். காற்றுப் பட்டுச் சூடாக 10 முதல் 15 நிமிடம் வேண்டும். ஈரக் கையுறைக்குள் இறுக்கி வைத்தால் காற்றுக் கிடைக்காமல் அணைந்துவிடும். மொத்தம் மூன்று சோடி கையுறை எடுங்கள், ஒரு சோடி நீர் புகாத பையில் தொடாமல் இருக்கட்டும். எல்லா ஜிப்பிலும் 10 சென்றிமீற்றர் நூல் கட்டுங்கள். காசு அதிகம் போகாத திருத்தம், பலன் பெரிது.

“ஓடேக்க நல்ல சூடு, நின்ற உடனே நடுக்கம்”

காரணம் வியர்வை. தொடங்கும்போதே கதகதப்பாக இருந்தால் உடை கூடிவிட்டது. முதல் 10 நிமிடம் கொஞ்சம் குளிர வேண்டும். கொழும்பில் வியர்வை உங்களைக் காப்பாற்றுகிறது. அங்கே அதுவே உள்ளே இருந்து பெய்யும் மழை. ஏற்றத்தில் வேகத்தைக் குறையுங்கள், கழுத்து ஜிப்பை இறக்குங்கள், தொப்பியைக் கழற்றுங்கள். உச்சிக்கு வருவதற்கு 50 மீற்றர் முன்பே திரும்பப் போடுங்கள். மேலே காற்றடிக்கும் இடத்தில் நின்று போடக் கூடாது.

நிற்கப் போகிறீர்கள் என்றால் முதலில் தடித்த ஜக்கெட், பிறகுதான் போத்தல், படம், கைபேசி.

பருத்தி வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் உள்ளாடை பருத்தியாக இருப்பதைப் பார்க்க மறந்துவிடுகிறோம். மாரத்தனில் கொடுக்கும் பொலியெஸ்ரர் ரீசேட் உள்ளே போட மோசமில்லை. மெல்லிய மெரினோ கம்பளி இன்னும் நல்லது: நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், மூன்றாம் நாளும் அறையில் பக்கத்தில் இருப்பவரை விரட்டாது.

“ஜக்கெட் உள்ளாலயும் ஈரம்”

மழை உள்ளே வந்ததா, வியர்வை வெளியே போகவில்லையா என்று பிரித்தறியுங்கள். வெளித்துணியில் நீர் முத்தாக உருளாமல் பரவி ஊறினால் மேற்பூச்சுப் போய்விட்டது. அந்தத் துணி மூச்சு விடாது. உள்ளே தேங்குவது உங்கள் வியர்வைதான். இதற்கென விற்கும் சவர்க்காரத்தில் கழுவி, பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்தினால் பெரும்பாலும் உயிர் வரும். தோளிலும் தொப்பியிலும் தையல் ஓரமாக மட்டும் ஈரம் என்றால் தையல் நாடா கழன்றிருக்கிறது.

கொழும்பு அலுமாரிகளில் இது அடிக்கடி நடக்கும். இங்கத்தைய ஈரப்பதத்தில் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். இரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்த சப்பாத்தின் அடிப்பாகமும் அப்படியே கழரும். பறப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஜக்கெட்டை உட்புறம் வெளியே திருப்பி, நாடாவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பிறகு அதைப் போட்டுக்கொண்டு 10 நிமிடம் ஷவருக்குக் கீழே நில்லுங்கள்.

“கூட வந்தவர் கதைக்கிறது ஒரு மாதிரி இருக்கு”

கால் இடறுகிறது, நாக்குக் குழறுகிறது, கையுறை விழுந்தாலும் எடுக்கிறாரில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார். உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போகிற அடையாளம் இது. அவரிடம் தமிழில் கதையுங்கள். ஆங்கிலத்தில் பதில் சொன்னால் குழறலை நம் உச்சரிப்பு என்று அங்கத்தையர் விட்டுவிடக்கூடும். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நடுக்கம் இருக்கும் வரை உடம்பு போராடுகிறது. நடுக்கம் நின்று, ஆனால் அவர் சூடாகவும் இல்லை என்றால் நிலைமை மோசம். சிலர் அந்தக் கட்டத்தில் வேர்க்கிறது என்று உடையைக் கழற்றவும் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

- காற்றை மறையுங்கள். இரண்டு பேர் நுழையும் அவசரக் கூடாரத் துணி இருந்தால் உடனே தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளுங்கள்.
- நிலத்தில் நேரே உட்கார விடாதீர்கள். பை, கயிறு, புல் எது கிடைத்தாலும் அடியில்.
- உலர்ந்த உடையும் மறைவும் இருந்தால் மட்டும் ஈரத்தைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ஈரத்துக்கு மேலேயே தடித்த ஜக்கெட்டும், ஆளை உள்ளே நுழைத்து மூடும் அவசரப் பையும்.
- தெளிவாக விழுங்க முடிந்தால் சீனி கூடிய சூடான பானம், இனிப்பு. மதுவைத் தொடவே வேண்டாம்.
- கை காலைத் தேய்க்காதீர்கள். எழுப்பி நடக்க வைக்க அவசரப்படவும் வேண்டாம்.

குழறல் தொடங்கிவிட்டால் உதவி கேட்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பிரித்தானியாவில் 999 அல்லது 112 அழைத்து முதலில் பொலிசையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் குறுஞ்செய்தி போகக்கூடும். அந்த வசதியை அங்கத்தைய சிம் போட்ட அன்றே பதிவுசெய்ய வேண்டும். விசில் என்றால் நிமிடத்துக்கு 6 ஊதல், ஒரு நிமிடம் விட்டு மறுபடி 6.

“உள்ளங்கால் வெள்ளையா ஊறிப் போச்சு, அடி வைக்கவே எரியுது”

பல நாள் ஓட்டங்கள் முறிகிறதில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான். பென்னைன் வே வழியெல்லாம் சதுப்பு. முதல் மணித்தியாலத்திலேயே சொக்ஸ் நனையும். அது பிழை அல்ல. 12 மணித்தியாலம் அப்படியே விடுவதுதான் பிழை. ஊறிய தோல் தடித்து மடியும், மடிப்பு உரசும், உரசிய இடம் நீளமாக வெடிக்கும்.

காலையில் உலர்ந்த பாதத்தில் லனோலின் (ஆட்டுக் கம்பளிக் கொழுப்பு) அல்லது சிங்க் கலந்த குழந்தைக் கிறீமை விரல் இடுக்கு, குதி, உள்ளங்கால் எல்லாம் தடிப்பாகப் பூசுங்கள். வசிலினும் உதவும், ஆனால் சீக்கிரம் கழுவுப்படும். பகலில் 20 நிமிடத்துக்கு மேல் உள்ளிடத்தில் நிற்கக் கிடைத்தால் தேநீர் கொதிக்கும் நேரத்திலேயே சப்பாத்தைக் கழற்றித் துடைத்து, காற்றாட விட்டு, மறுபடி பூசி, புதுச் சொக்ஸ் போடுங்கள். இரவில் கிறீம் வேண்டாம். தோல் மூச்சு விட்டு உலர வேண்டும். ஈரச் சொக்ஸோடு ஒரு இரவும் தூங்கக் கூடாது. படுக்கைக்கான சோடி பகலில் வெளியே வரவே கூடாது.

நீர்ப்புகாச் சொக்ஸ் ஓடைக்கு நல்லது. ஆனால் மேல்விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனால் வெளியேற வழியில்லை. முழங்கால் சேறு இருக்கும் நாளில் மெல்லிய மெரினோவே மேல்.

கொப்புளம் சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் நாடா ஒட்டி விடுங்கள். வீங்கி அழுத்தினால் கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் இரண்டு துளை, நீரை அழுத்தி எடுத்து, மேல்தோலை உரிக்காமல் நாடா. ஈரத் தோலில் எந்த நாடாவும் நிற்காது: முதலில் துடைத்து, மதுசாரம் தோய்த்த துணியால் எண்ணெய் நீக்கி, முனைகளை வட்டமாக வெட்டி ஒட்டிய பிறகு ஒரு நிமிடம் உள்ளங்கையால் பொத்திப் பிடியுங்கள்.

பாதம் மரத்து, திட்டுத் திட்டாக வெளிறி, சூடான அறையில் சிவந்து வீங்கி நெருப்பாக எரிந்தால் அது வெறும் ஊறல் அல்ல. உறையாத குளிரே நரம்பைக் கெடுத்திருக்கிறது. சுடுநீரிலோ ஹீற்றருக்கு முன்னாலோ வைக்காமல், உலர்த்தி, உயர்த்தி, மெதுவாக இளக விட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த நாள் ஓட்டம் இல்லை. இதில் பேரம் பேசியவர்களுக்கு மரப்பு மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு.

“மூன்றாம் நாள் கணுக்காலுக்கு முன்னால வீக்கம், அசைச்சா கிறீச் எண்டுது”

இறக்கத்தில் பிரேக் போட்டுப் போட்டு, பாதத்தைத் தூக்கும் தசைநார் அழன்றிருக்கிறது. வீங்கிய காலில் இறுக்கிக் கட்டிய லேஸ் அதன் மேல் அழுத்துவது இரண்டாவது காரணம். வலிக்கும் இடத்துக்கு நேரான துளையைத் தவிர்த்து லேஸைக் கோர்த்துக் கட்டுங்கள், சப்பாத்தின் நாக்குக்கு அடியில் மடித்த சொக்ஸ் துண்டு வையுங்கள், குதிக்கு அடியில் 5, 6 மில்லிமீற்றர் உயரம் கொடுங்கள். இறக்கத்தில் குட்டி எட்டு. இதற்காகவே சப்பாத்தை அரை அளவு முதல் ஒரு அளவு பெரிதாக எடுப்பது.

விரல் நுனி அளவு எலும்பில் மட்டும் கூர்மையாக வலித்து, ஒற்றைக் காலில் நிற்கவே கூசினால் எலும்பு வெடிப்பாக இருக்கலாம். நடையும் நிறுத்தம்.

ஐபுபுரொஃபன், டைக்ளோஃபெனக் வகை மாத்திரைகளைப் போட்டு ஓட வேண்டாம். நீர் குறைந்து, தசை சிதைந்துகொண்டிருக்கும்போது அவை சிறுநீரகத்தில் பாரத்தைக் கூட்டும். சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் மாத்திரையும் வேண்டாம், ஓய்வெடுத்துப் பார்ப்போம் என்பதும் வேண்டாம். நேரே வைத்தியசாலை.

“பசிக்கேல்லை, தாகமும் இல்லை, ஆனா கால் நகருதில்லை”

குளிரில் தாகம் மங்கும்; கையுறை கழற்றச் சலித்துச் சாப்பாட்டையும் தள்ளிப்போடுவோம். மணிக்கு 200 முதல் 300 கலோரி, அதில் 40 முதல் 60 கிராம் மாச்சத்து. அரை மணிக்கு ஒருமுறை மணிக்கூடு அடிக்கும்படி வையுங்கள். சொக்லட் பார் கல்லாகிப் பல்லை உடைக்கும்: அடுத்த இரண்டு மணித்தியாலத்துக்கானதை உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்து, உறைகளை முன்கூட்டியே பாதி கிழித்து வையுங்கள். இனிப்பு இரண்டாம் நாளே திகட்டும். சீஸ், உருளைக்கிழங்கு, முறுக்கு மாதிரி உப்பானதும் இருக்கட்டும்.

தண்ணீரில் கொழும்புக் கணக்கு அங்கே ஆபத்து. மணிக்கு 300 முதல் 500 மில்லிலீற்றர் பெரும்பாலானோருக்குப் போதும். தாகமில்லாமல் லீற்றர் லீற்றராகக் குடித்துத் தலையிடி, குமட்டல், வீக்கம், குழப்பம் வந்தால் இரத்தத்தில் சோடியம் தணிந்திருக்கலாம். வெறும் தண்ணீரை நிறுத்தி உப்பான உணவு எடுங்கள். குழப்பம் கூடினால் அவசர உதவி. மோதிரம் மட்டும் இறுகுவது பையைச் சுமந்து கை தொங்குவதாலும் வரும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

தண்ணீர்ப் பையின் குழாய் உறையாமல் இருக்க: ஒவ்வொரு மிடறுக்குப் பிறகும் உள்ளே ஊதி நீரைப் பைக்குத் திருப்புங்கள். போத்தலைத் தலைகீழாக வைத்தால் மேற்பரப்பு முதலில் உறையும், மூடி திறக்கும்.

டோர்ச் மங்குது, போன் 25 வீதத்தில் அணையுது

லித்தியம் அயன் பற்றரி குளிரில் தன் கொள்ளளவு முழுதையும் தராது. மாற்றுப் பற்றரியை நெஞ்சோடு வையுங்கள். அணைந்த போனைச் சூடாக்கினால் மீதி வீதம் பெரும்பாலும் திரும்பும். 0 பாகைக்குக் கீழே கிடந்த பற்றரியை உடனே சார்ஜில் போட்டால் நிரந்தரமாகக் கெடும். மூட்டத்தில் தலை டோர்ச் வெள்ளைச் சுவராக எதிரொளித்தால் கழற்றி இடுப்பு உயரத்தில் பிடியுங்கள், பாதை தெரியும்.

சறுக்கல்

ஈரமாகத் தெரியும் கல் உண்மையில் ஐஸாக இருக்கலாம். இங்கிருந்து போகிறவர் கண்ணுக்கு இது பழக்கமில்லை. சதுப்பின் மேல் பாவிய பலகைக் கற்கள் இதற்குப் பேர் போனவை. கைத்தடி முனையால் தட்டிப் பாருங்கள். வழுக்கினால் அந்த இடத்திலேயே முட்சங்கிலியை (சப்பாத்துக்கு மேல் மாட்டும், அடியில் முள் உள்ள சங்கிலி) மாட்டுங்கள். வெறுங்கல்லில் கழற்றிவிடுங்கள், கணுக்கால் பிரளும்.

வறட்டு இருமல், மங்கும் கண்

முகத்துணியை மூக்குக்கு மேல் ஏற்றி மூச்சு விடுங்கள். நனைந்து உறையும் என்பதால் இரண்டு வேண்டும். ஆஸ்துமா பம்பைச் சட்டைக்குள் வையுங்கள், குளிர்ந்த பம்ப் சரியாக விசிறாது. காற்றடிக்கும் பக்கத்துக் கண் மட்டும் புகை மூடினால் கருவிழி குளிரால் பாதிக்கப்பட்டிருக்கிறது: கசக்காமல் மறைவுக்குப் போய்க் கண்ணை மூடி இருங்கள். மூடிய கண்ணாடி போட்டிருந்தால் இது பெரும்பாலும் வராது.

“கல்லு மனுசர் மாதிரித் தெரியுது”

தூக்கம் போதவில்லை. வெளியே இருந்தால் மறைவில் உலர்ந்த உடையோடு 20 நிமிடம். கட்டிடம் கிடைத்தால் 90 நிமிடம். உலர்ந்த உடை இல்லாமல் திறந்த வெளியில் கண் அயரக் கூடாது.

“காலையில சப்பாத்து கட்டையா இருக்கு, கால் அதைவிடக் கட்டை”

வந்து சேர்ந்தவுடன் உட்தகட்டை எடுத்து, செய்தித்தாள் திணித்து, ஒரு மணித்தியாலம் கழித்துத் தாளை மாற்றுங்கள். அடுப்பருகே வைத்தால் பசை விடும். கூடாரம் என்றால் லேஸை நன்றாகத் தளர்த்திப் பொலித்தீன் பைக்குள் இட்டுத் தூக்கப் பைக்குள் வையுங்கள். இறுகிய லேஸோடு உறைந்த சப்பாத்துக்குள் கால் போகாது. முதல் 20 நிமிடம் நடை மட்டும். அதற்குள் இறுக்கம் தளர்ந்தால் ஓடலாம். அரை மணிக்குப் பிறகும் நொண்டினால் அன்றைக்குப் பஸ்.

கொழும்பிலேயே பிடிக்க வேண்டிய பிழைகள்

குளிரை இங்கே செய்துகாட்ட முடியாது, ஆனால் கை வேலையைப் பழகலாம். தடித்த கையுறையோடு, டோர்ச் வெளிச்சத்தில், ஜக்கெட் போடுவது, பற்றரி மாற்றுவது, முட்சங்கிலி மாட்டுவது, உணவு உறை பிரிப்பது. குந்தியிருந்து எல்லாம் 5 நிமிடத்துக்குள் முடியாவிட்டால் பையை வேறு மாதிரி அடுக்குங்கள்.

காலுக்கு: சனி, ஞாயிறு அடுத்தடுத்து 25, 30 கிலோமீற்றர், முழுப் பையோடு. சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி எத்தனை வட்டம் போட்டாலும் இறக்கம் கிடையாது. சிவனொளிபாதமலையின் 5,500 அளவு படிகள் தொடைக்குச் சரியான பாடம், அதுவும் பருவகாலத்துக் கூட்டமில்லாத வார நாளில். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி பிடிக்கும். மழை ஜக்கெட், கையுறை, உள்ளுடை மூன்றையும் ஒன்றாகச் சோதிக்க நாட்டில் அதைவிட ஏற்ற இடம் இல்லை. நனைந்த கையுறையோடு போய்ப் பாருங்கள், வெந்நீரும் வாகனமும் பக்கத்தில் இருக்கும்போதே.